சோலார் ஃபிளேர் வந்தா அயனோஸ்பியருக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டி.வி.ல "பூமியை நோக்கி வரும் சூரியப் புயல்"னு கீழ ஓட ஆரம்பிச்சா போதும், என் வாட்ஸ்அப் நிரம்பிடும். நான் ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா பேசற வயர்லெஸ்) வச்சிருக்கறவன், ஷார்ட்வேவ்ல காதை வச்சு உக்காந்திருக்கறவனுக்கு சூரியன் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சே ஆகணும், அதனால தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாரும் என்கிட்ட கேக்கறாங்க. கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான், அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலையும் ஒரே இடத்துல போட்டுட்டேன்.

சோலார் ஃபிளேர்னா என்ன சார்? சூரியன் வெடிக்குதா?

சூரியன் வெடிக்கல. சூரியப் புள்ளிகள் இருக்கற இடத்துல காந்தப்புலம் கயிறு மாதிரி முறுக்கேறி முறுக்கேறி, ஒரு கட்டத்துக்கு மேல தாங்காம பட்டுனு அறுந்து வேற மாதிரி சேர்ந்துக்கும், அதுல அடைஞ்சு கிடந்த சக்தி சில நிமிஷத்துல வெளிய கொட்டிடும், அதுதான் ஃபிளேர். ரேடியோ அலையிலேர்ந்து எக்ஸ்-ரே வரைக்கும் எல்லாம் கூடும், ஆனா நமக்கு முக்கியம் எக்ஸ்-ரேயும் தீவிர புற ஊதாக் கதிரும்தான்.

இங்கயே ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, மத்த பாதி கேள்விக்கு இதுதான் பதில். சூரியன்லேர்ந்து மூணு பேர் வர்றாங்க. முதல் ஆள் வெளிச்சம், அதாவது ஃபிளேர், 8 நிமிஷம் 20 செகண்ட்ல வந்துடும். ரெண்டாவது வேகமான புரோட்டான்கள், பத்து இருபது நிமிஷத்துலேர்ந்து சில மணி நேரத்துக்குள்ள. மூணாவது சி.எம்.இ.ங்கற பிளாஸ்மா மேகம், அது ஆடி அசைஞ்சு ஒண்ணுலேர்ந்து மூணு நாள்ல வரும், ரொம்ப வேகமானதுன்னா ஒரு நாளுக்குள்ளயே. இந்த மூணு பேரையும் சேத்து "சூரியப் புயல்"னு ஒரே பேர் வச்சிடறதாலதான் இவ்ளோ குழப்பமும் பயமும். இங்க நான் பேசறது முதல் ஆளைப் பத்தி.

அயனோஸ்பியர்ங்கறது ஒரு லேயரா, இல்ல பல லேயரா?

தரையிலேர்ந்து சுமார் 60 கி.மீ. தாண்டினா காத்து ரொம்ப மெலிசு, அங்க சூரியனோட கதிர் பட்டு அணுக்கள்ல இருக்கற எலக்ட்ரான் பிச்சுக்கிட்டு வந்துடும், அப்படி எலக்ட்ரானும் அயனியும் மிதக்கற பகுதிதான் அயனோஸ்பியர். 60லேர்ந்து 90 கி.மீ. வரைக்கும் டி, அதுக்கு மேல 150 கி.மீ. வாக்குல வரைக்கும் இ, அதுக்கும் மேல எஃப். பகல்ல எஃப் லேயர் எஃப்1, எஃப்2னு ரெண்டா பிரியும். சுவர் மாதிரி தனித்தனியா நிக்காது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துதான் இருக்கும்.

ஷார்ட்வேவ் ரேடியோ உலகம் பூரா கேக்கறதுக்குக் காரணம் எஃப் லேயர். அலை மேல போய் அங்க வளைஞ்சு திரும்ப கீழ வரும். போகும்போதும் வரும்போதும் டி லேயரைத் தாண்டித்தான் ஆகணும், ஃபிளேர் வந்தா டி லேயர் அங்கதான் கைவரிசையைக் காட்டும்.

டி, இ, எஃப்னு ஆரம்பிக்கறாங்களே, ஏ பி சி எங்க?

இங்கிலாந்துக்காரர் எட்வர்ட் ஆப்பிள்டன் 1920கள்ல மேலேர்ந்து திரும்பி வர்ற அலையோட மின்புலத்தை நோட்ல இ-னு எழுதினார், அதையே லேயருக்கும் பேரா வச்சார். மேல இன்னொண்ணு தெரிஞ்சதும் எஃப், கீழ இருக்கறதுக்கு டி. கீழ இன்னும் கண்டுபிடிச்சா இருக்கட்டும்னு ஏ பி சியை விட்டு வச்சார், தேவையே படல. 1947ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது.

சரி, ஃபிளேர் வந்தா அங்க என்னதான் நடக்குது? புரியற மாதிரி சொல்லுங்க

சாதாரண நாள்ல டி லேயரை உண்டாக்கறது 121.6 நானோமீட்டர் புற ஊதாக் கதிர், அது அங்க கொஞ்சூண்டு இருக்கற நைட்ரிக் ஆக்ஸைடை மட்டும்தான் அயனியாக்கும். அதனால பகல்லயும் டி லேயர் வலுவில்லாமத்தான் இருக்கும். பெரிய ஃபிளேர் வந்தா எக்ஸ்-ரே ஆயிரம் மடங்கு வரைக்கும் எகிறும், அந்த எக்ஸ்-ரே நேரா 60, 70 கி.மீ. உயரம் வரைக்கும் இறங்கி, அங்க நிறைய இருக்கற நைட்ரஜன், ஆக்ஸிஜன் மேலயே கை வைக்கும். நிமிஷத்துல எலக்ட்ரான் எண்ணிக்கை பல மடங்கு ஏறிடும்.

எலக்ட்ரான் கூடினா ரேடியோவுக்கு நல்லதுதானேன்னு தோணும். உயரத்துல நல்லது, கீழ கெட்டது. ரேடியோ அலை வந்தா எலக்ட்ரான் அதோட தாளத்துக்கு ஆடும், ஆடிட்டு அந்த சக்தியை அலையாவே திருப்பிக் கொடுத்துடும். எஃப் லேயர் காலியான ரோடு மாதிரி, கையை வீசி நடக்கலாம், யார் மேலயும் இடிக்காது. டி லேயர் சித்திரைத் திருவிழாக் கூட்டம், கையைத் தூக்கினா பக்கத்துல இருக்கறவர் மேல இடிக்கும். அங்க எலக்ட்ரான் ஆட ஆரம்பிச்ச உடனே காத்து மூலக்கூறு மேல முட்டி, வாங்கின சக்தியை சூடா விட்டுடும். அலை மேல போகாம அங்கயே கரைஞ்சு போயிடும். இதுக்குத்தான் ஷார்ட்வேவ் ஃபேட்அவுட்னு பேர். ஜெர்மனில ஹான்ஸ் மோகெல் 1930லயும் அமெரிக்காவுல டெலிங்கர் 1935லயும் கவனிச்சு எழுதினதால மோகெல்-டெலிங்கர் விளைவுன்னும் சொல்வாங்க.

கேட்டுப் பார்த்தவங்களுக்குத்தான் அது எப்படி இருக்கும்னு தெரியும். பேசிட்டிருந்த ஸ்டேஷன் மட்டும் போகாது, பின்னாடி கரகரன்னு இருக்கற இரைச்சலும் சேந்து அடங்கிடும், ஏன்னா தூரத்து மின்னல்கள்லேர்ந்து வர்ற இரைச்சலும் அதே வழியாத்தான் வருது. பேண்டு செத்த மாதிரி ஆயிடும். முதல் தடவை எனக்கு அப்படி ஆனப்போ ஆன்டெனா கேபிள் விட்டுப்போச்சுன்னு நினைச்சு மொட்டை மாடிக்கு ஓடினேன், கனெக்‌ஷன்லாம் செக் பண்ணிட்டு இறங்கி வர்றதுக்குள்ள 21 மெகாஹெர்ட்ஸ்ல மெதுவா குரல் கேக்க ஆரம்பிச்சது, அந்த நாள் இன்னும் ஞாபகம் இருக்கு.

எல்லா ஃப்ரீக்வென்சியும் ஒரே மாதிரி போயிடுமா?

இல்ல. டி லேயர்ல ஏற்படற இழப்பு ஃப்ரீக்வென்சியோட வர்க்கத்துக்கு எதிர் விகிதம். 7 மெகாஹெர்ட்ஸ்ல இருக்கற இழப்பை டெசிபெல் கணக்குல பார்த்தா 28 மெகாஹெர்ட்ஸ்ல இருக்கறதை விட சுமார் 16 மடங்கு. அதனால கீழ் பேண்டுகள் முதல்ல போகும், கடைசியாத் திரும்பும், மேல் பேண்டுகள் கடைசியா போய் முதல்ல திரும்பும். ஃபிளேர் நடக்கும்போது விடாம பேசணும்னா எவ்ளோ மேல போக முடியுமோ அவ்ளோ மேல போய்ப் பாருங்க.

எங்க தாத்தா ராத்திரியானா தூரத்து மீடியம் வேவ் ஸ்டேஷன்லாம் கேக்கும்பாரு, பகல்ல ஏன் கேக்காது? அதுவும் ஃபிளேராலயா?

ஃபிளேர் இல்ல, ஆனா அதே டி லேயர். மீடியம் வேவ் ரொம்பக் கீழ் ஃப்ரீக்வென்சி, அதனால (போன பதில் கணக்குப்படி) சாதாரண பகல்லயே டி லேயர் அதை முழுசா முழுங்கிடும். சூரியன் இறங்கினா டி லேயர் கலைஞ்சுடும், அலை மேல போய்த் திரும்பி வரும், தூரத்து ஸ்டேஷன் கேக்கும். ராமநாதபுரம், தூத்துக்குடி கரையோரத்துல இலங்கை ஸ்டேஷன் பகல்லயும் வர்றதுக்குக் காரணம் வேற, அது உப்புத் தண்ணி மேல ஊர்ந்தே வந்துடும், வானம் வரைக்கும் போக வேண்டியதில்ல.

ஒரு ஃபிளேர்னா என்னன்னு சுருக்கமா சொல்லணும்னா இப்படிச் சொல்லலாம்: மீடியம் வேவுக்கு தினம் பகல்ல நடக்கறது, ஷார்ட்வேவுக்கு திடீர்னு ஒரு மணி நேரம் நடக்குது.

சி, எம், எக்ஸ்னு போடறாங்களே, அது என்ன அளவு?

பூமியைச் சுத்தற அமெரிக்காவோட கோஸ் சாட்டிலைட்டுகள் 0.1லேர்ந்து 0.8 நானோமீட்டர் வரைக்குமான எக்ஸ்-ரேயை அளக்குது. ஏ, பி, சி, எம், எக்ஸ், ஒவ்வொரு படியும் முந்தினதை விட பத்து மடங்கு. எக்ஸ்1ன்னா சதுர மீட்டருக்கு ஒரு வாட்ல பத்தாயிரத்துல ஒரு பங்கு. பக்கத்துல வர்ற நம்பர் பெருக்கல், எக்ஸ்5ன்னா எக்ஸ்1 மாதிரி அஞ்சு. சி வகை வந்தா சாதாரணமா ஷார்ட்வேவ்ல ஒண்ணும் தெரியாது. எம்1லேர்ந்து அமெரிக்காவோட வானிலை அமைப்பான நோவா ஆர்1னு எச்சரிக்கை போட ஆரம்பிப்பாங்க, எக்ஸ்1 ஆர்3, எக்ஸ்10 ஆர்4, எக்ஸ்20 ஆர்5.

இவ்ளோ தூரம் அனல் அடிச்சா வெயில் ஜாஸ்தி ஆகாதா? இந்த வருஷ அக்னி நட்சத்திரத்துக்கு இதுதான் காரணமாமே

ஆகாது. 2003 அக்டோபர் 28ல வந்தது பதிவுகள்லயே மிகப் பெரிய ஃபிளேர்கள்ல ஒண்ணு, அன்னிக்கு சூரியன்லேர்ந்து வர்ற மொத்த சக்தி கூடினது சுமார் 0.027 சதவீதம், அதுவும் கொஞ்ச நேரம். எக்ஸ்-ரே ஆயிரம் மடங்கு கூடலாம், ஆனா சூரிய சக்தியில எக்ஸ்-ரே பங்கு ரொம்ப ரொம்ப சின்னது. அந்த எக்ஸ்-ரேயும் 60 கி.மீ. மேலயே நின்னுடுது, தோலுக்கோ கண்ணுக்கோ குழந்தைகளுக்கோ ஒண்ணும் ஆகாது. வெயிலுக்கு குடை பிடிங்க, ஃபிளேருக்கு வேண்டாம்.

எக்ஸ்9 வந்துச்சுன்னு நியூஸ்ல பார்த்தேன், இங்க ரேடியோல ஒரு மாற்றமும் தெரியலையே?

அந்த நேரம் இங்க மணி என்னன்னு பாருங்க. எக்ஸ்-ரே நேர்கோட்டுல வர்ற வெளிச்சம், பூமியோட பகல் பாதியில மட்டும்தான் விழும், அதுலயும் சூரியன் எவ்ளோ தலைக்கு மேல இருக்கோ அவ்ளோ பலம். 2024 மே 14ல எக்ஸ்8.7 வந்தப்போ நமக்கு ராத்திரி பத்தேகால் தாண்டியாச்சு, நம்ம அயனோஸ்பியருக்கு அப்படி ஒண்ணு வந்ததே தெரியாது. 2024 அக்டோபர் 3ல எக்ஸ்9.0, சாயங்காலம் 5.48, சூரியன் இறங்கற நேரம். 2017 செப்டம்பர் 6ல எக்ஸ்9.3, நமக்கு மாலை 5.32.

அந்த 2017 ஃபிளேர் இங்க லேசா போச்சு, ஆனா கரீபியன் தீவுகள்ல அப்போ காலை நேரம், அதே நாள் இர்மா புயல் பார்புடா, செயின்ட் மார்ட்டின் தீவுகளைப் புரட்டிப் போட்டுட்டிருந்துச்சு. ஃபோன் டவர் விழுந்த இடத்துல ஹாம் ரேடியோதான் கடைசி வழி, அந்த வழி சரியா அப்போ விட்டு விட்டு அடைபட்டது. இதைப் படிச்சதுலேர்ந்து ஃபிளேரை ஒரு சுவாரசியமான சமாச்சாரமா மட்டும் என்னால பார்க்க முடியல. நமக்கும் வங்காள விரிகுடாவுல புயல் சீசன் இருக்கு, அவசர காலத்துக்கு ஷார்ட்வேவ் வச்சிருக்கற ஒவ்வொருத்தரும் கைவசம் ரெண்டு மூணு பேண்டுக்கு ஆன்டெனா வச்சிருக்கணும், ஒரே ஒரு 7 மெகாஹெர்ட்ஸ் கம்பியை நம்பி இருக்கக் கூடாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது அதனாலதான்.

ஆதித்யா எல்1 அங்கதானே இருக்கு, அது பார்த்து முன்னாடியே சொல்லிடாதா?

இந்தக் கேள்வி ஸ்கூல் பசங்க கேட்டது, ரொம்ப நல்ல கேள்வி. 2023 செப்டம்பர் 2ல கிளம்பி 2024 ஜனவரி 6ல எல்1 இடத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு, பூமியிலேர்ந்து சூரியன் பக்கமா சுமார் 15 லட்சம் கி.மீ. பெரிய தூரமாத் தோணும், ஆனா வெளிச்சம் அதை 5 செகண்ட்ல தாண்டிடும். அங்க தெரிஞ்சு 5 செகண்ட்ல அந்த எக்ஸ்-ரே நம்ம டி லேயர்ல இறங்கியாச்சு. சேதியும் அதே வேகத்துலதான் வரணும், அதனால ஃபிளேருக்கு முன்னெச்சரிக்கைங்கறதே எல்1லேர்ந்து முடியாது. சி.எம்.இ.க்கு மட்டும் எல்1ல இருக்கறவை அரை மணி, ஒரு மணி நேரம் முன்னாடி சொல்ல முடியும், ஏன்னா அது மெதுவா வர்ற ஆள்.

ஃபிளேருக்கு சொல்ல முடிஞ்சது "இந்தப் புள்ளிக் கூட்டம் சிக்கலா இருக்கு, இன்னிக்கு எக்ஸ் வர இத்தனை சதவீதம் வாய்ப்பு"ங்கற மாதிரிதான். ஆதித்யாவுல இருக்கற சோலெக்ஸ், ஹீலியோஸ் ரெண்டும் எக்ஸ்-ரேயைப் பதிவு பண்ற கருவிங்க, ஃபிளேர் எப்படிக் கிளம்புதுன்னு புரிஞ்சாத்தானே நாளைக்கு முன்கூட்டியே சொல்ல முடியும், அந்த வேலை அங்க நடக்குது.

செல்ஃபோன், இன்டர்நெட், கேபிள் டி.வி.லாம் கட் ஆகுமா?

ஃபிளேரால ஆகாது. செல்ஃபோன் சிக்னல் உங்க ஃபோனுக்கும் டவருக்கும் நடுவுல போறது, அயனோஸ்பியர் பக்கமே போகல. இன்டர்நெட் மண்ணுக்கடியிலயும் கடலுக்கடியிலயும் ஃபைபர்ல போகுது. "இன்டர்நெட் அழியும்"னு வர்ற ஃபார்வர்டுக்கெல்லாம் மூலம் சி.எம்.இ. பத்தின கவலை, அது கரன்ட் கிரிடையும் கடல் கேபிளுக்குக் கரன்ட் குடுக்கற அமைப்பையும் பாதிக்குமாங்கற தனி விவாதம்.

தம்பி, நாங்க கடலுக்குப் போறவங்க. ஜி.பி.எஸ் தப்பா காட்டி எல்லை தாண்டிட்டா யார் பொறுப்பு? வயர்லெஸும் போயிடுமா?

அண்ணே, போட்டுல இருக்கற வி.ஹெச்.எஃப் செட்டு நேர்ப் பார்வையில போறது, அதுக்கும் டி லேயருக்கும் சம்பந்தமில்ல, போகாது. ஜி.பி.எஸ் விஷயத்துல சின்ன கணக்கு இருக்கு. சாட்டிலைட் 20,200 கி.மீ. மேல இருக்கு, அங்கேர்ந்து வர்ற சிக்னல் அயனோஸ்பியரைத் தாண்டும்போது எலக்ட்ரான்களால கொஞ்சம் தாமதமாகும், அந்தத் தாமதத்தை கருவி தூரம்னு நினைச்சுக்கும். ஒரு சதுர மீட்டர் அகலத்துக்கு மேல வரைக்கும் ஒரு குழாய் இருக்கறதா நினைச்சு உள்ள இருக்கற எலக்ட்ரானை எண்ணினா வர்றதுதான் டி.இ.சி., அதுல ஒரு யூனிட் கூடினா சாதாரண ஜி.பி.எஸ்ல 16 சென்டிமீட்டர் தப்பு. 2003 அக்டோபர் 28 ஃபிளேர்ல சூரியன் நேரா அடிச்ச இடத்துல சுமார் 25 யூனிட் ஏறிச்சு, அதாவது 4 மீட்டர். அவ்ளோ பெரிய ஃபிளேருக்கே அவ்ளோதான். அதனால ஃபிளேரோட டி.இ.சி. ஏத்தத்தால எல்லை தாண்டற அளவுக்கு கிலோமீட்டர் கணக்குல மாறாது. ஆனா கருவி எதுனாலயாவது முழிச்சா உடனே திசைகாட்டியைப் பாருங்க, அந்தப் பழக்கத்தை விட்டுடாதீங்க.

சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு ஜி.பி.எஸ், சாட்டிலைட் சிக்னல்லாம் ஆடுது, ஃபிளேரான்னு பார்த்தா ஒண்ணும் இல்லையே?

மேல ராத்திரி பத்தி சொன்னதைப் பாருங்க, சூரியன் இறங்கினதுக்கு அப்புறம் ஃபிளேருக்கு இங்க வேலையில்ல. இது நம்ம பகுதியோட சொந்தச் சரக்கு. காந்த நிலநடுக்கோடு, அதாவது பூமியோட காந்தப்புலம் தரைக்குப் படுக்கையா இருக்கற கோடு, நம்ம தென்கோடி வழியா போகுது, 1963 நவம்பர் 21ல இந்திய மண்ணுலேர்ந்து கிளம்பின முதல் ஆராய்ச்சி ராக்கெட்டைத் தும்பாவுலேர்ந்து விட்டதுக்கும் அந்தக் கோடுதான் காரணம். சூரியன் மறைஞ்சதும் எஃப் லேயர் அடியில குமிழ் மாதிரி எலக்ட்ரான் குறைஞ்ச பகுதி உருவாகி மேல எழும்பும், சிக்னல் அது வழியா வந்தா தண்ணிக்கடியில இருக்கற காசு மாதிரி மினுக்கும். சூரியன் ரொம்ப சுறுசுறுப்பா இருக்கற வருஷங்கள்ல, மார்ச், செப்டம்பர் மாதிரி மாசங்கள்ல இது ஜாஸ்தி. ஜி.பி.எஸ்ஸைத் திருத்திக் கொடுக்கற நம்ம ககன் அமைப்பை உண்டாக்கினவங்களுக்கு இந்த வானம்தான் பெரிய தலைவலியா இருந்துச்சு, ஐரோப்பா அமெரிக்கா கணக்கு இங்க அப்படியே ஒத்துவராது.

அப்போ ஃபிளேர் ஜி.பி.எஸ்ஸை முழுசா நிறுத்தவே நிறுத்தாதா?

இங்க ஒரு விதிவிலக்கு இருக்கு, அது அயனோஸ்பியர் வழியா வர்றது இல்ல. சில ஃபிளேர்கள் சூரியனையே ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் ஆக்கிடும், ஜி.பி.எஸ் ஃப்ரீக்வென்சியிலயே இரைச்சல் கொட்டும். 2006 டிசம்பர் 6ல அப்படி ஆச்சு, பகல் பாதியில இருந்த நிறைய கருவிகள் சாட்டிலைட்டைத் தவற விட்டுச்சு. 2015 நவம்பர் 4ல ஸ்வீடன்ல விமானப் போக்குவரத்து ரேடார் தடுமாறினதும் இதே வகை, அன்னிக்கு ஃபிளேர் வெறும் எம் வகைதான், அதனால எக்ஸ்-ரே நம்பரை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

1967 மே 23ல நடந்தது இதை விட பயங்கரம். அலாஸ்கா, கிரீன்லாந்து, இங்கிலாந்துல இருந்த அமெரிக்க ஏவுகணை எச்சரிக்கை ரேடார் மூணும் ஒரே நேரத்துல அடைபட்டது, சோவியத் வேணும்னே பண்றாங்கன்னு நினைச்சு விமானங்களைத் தயார் நிலைக்குக் கொண்டு வந்துட்டாங்க. அப்போதான் புதுசா சூரியனைக் கவனிக்க உக்கார வச்சிருந்த விமானப்படை வானிலை ஆட்கள் "இது சூரியன்"னு சேதி சொல்லி நிறுத்தினாங்க. சூரியனை தினம் உக்காந்து பார்க்கறது எதுக்குன்னு யாராவது கேட்டா நான் சொல்ற பதில் இந்த நாள்.

சென்னை-சிங்கப்பூர் ஃப்ளைட்ல போறேன், பயப்படணுமா?

வேண்டாம். கரையிலேர்ந்து முன்னூத்தி சொச்சம் கி.மீ. வரைக்கும் வி.ஹெச்.எஃப் எட்டும், அதுக்கு அப்புறம் கடல் மேல ஷார்ட்வேவும் சாட்டிலைட் வழி டேட்டா சேதியும் ரெண்டும் இருக்கு. ஷார்ட்வேவ் போனா மத்தது இருக்கும், பைலட்டுகளுக்கு அதுக்குன்னு நடைமுறையும் இருக்கு. நான் சொன்ன 2017 செப்டம்பர் 6ல பிரேசில், பிரெஞ்சு கயானா கரைக்கு அப்பால ஒரு விமானத்தோட சுமார் 90 நிமிஷம் ஷார்ட்வேவ் தொடர்பு விட்டுப்போச்சு, அதுல தானா இடத்தைச் சொல்ற சாட்டிலைட் வசதி இல்ல. துருவம் மேல போற ஃப்ளைட்டுகளுக்குத்தான் அதிகச் சிரமம், ஆனா அது ரெண்டாவது ஆளான புரோட்டான் பண்ற வேலை, நாள்கணக்குல நிக்கும்.

லடாக்ல வானம் சிவப்பாச்சே, அது ஃபிளேர்தானே? பெரிய ஃபிளேர் வந்தா கூடவே சி.எம்.இ. வந்துடும்தானே?

2024 மே 10, 11ல ஹான்லேல தெரிஞ்ச சிவப்பு சி.எம்.இ. உண்டாக்கின காந்தப் புயலால வந்தது. 1989 மார்ச் 13ல கியூபெக்ல 60 லட்சம் பேருக்கு சுமார் 9 மணி நேரம் கரன்ட் போனதும், 2022 பிப்ரவரியில ஸ்டார்லிங்க் சாட்டிலைட் 38 விழுந்ததும் அதே கணக்குதான், மூணாவது ஆள்.

ரெண்டும் சேந்து வரணும்னு கட்டாயமில்ல. பெரிய ஃபிளேர்கள்ல பெரும்பாலும் சேந்து வரும், ஆனா 2014 அக்டோபர்ல 12192ங்கற நம்பர் போட்ட ராட்சசப் புள்ளிக் கூட்டம் ஆறு எக்ஸ் வகை ஃபிளேர் விட்டும் சொல்லிக்கற மாதிரி சி.எம்.இ. அனுப்பல. ஷார்ட்வேவ் ஆறு தடவை செத்துப் பிழைச்சது, காந்தப் புயல்னு ஒண்ணும் வரல.

ஃபிளேர்னாலே சிக்னல் குறையும்னு சொல்றீங்க, ஆனா வி.எல்.எஃப் கூடுதுன்னு ஒருத்தர் சொன்னாரே?

அவர் சொன்னது சரி, இதைச் சொல்றதுக்காகத்தான் இவ்ளோ நேரம் காத்திருந்தேன். வி.எல்.எஃப்னா ரொம்ப ரொம்பக் கீழ் ஃப்ரீக்வென்சி. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்துல கடற்படையோட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கு, 1990ல தொடங்கினது, தண்ணிக்கடியில இருக்கற நீர்மூழ்கிக்கு சேதி அனுப்ப 18.2 கிலோஹெர்ட்ஸ்ல ஒலிபரப்பு பண்ணும். இவ்ளோ கீழ் ஃப்ரீக்வென்சி அலை டி லேயருக்குள்ள நுழையவே நுழையாது, அதோட அடிப்பக்கத்துலயே பட்டுத் திரும்பி, தரைக்கும் டி லேயருக்கும் நடுவுல குழாய்க்குள்ள போற மாதிரி போகும். ஃபிளேர் வந்தா அந்த மேல் கூரை சுமார் 70 கி.மீ.லேர்ந்து 60 பக்கமா இறங்கும், ஓரமும் கூர்மையாகும், கசிவு குறையும், பெரும்பாலும் சிக்னல் ஏறும். சில தூரங்கள்ல வேற வேற வழியா வர்ற அலைகள் ஒண்ணையொண்ணு அடிச்சு இறங்கவும் செய்யும். கொல்கத்தாவுல இருக்கற ஆராய்ச்சியாளர்கள் நம்ம விஜயநாராயணம் சிக்னலை வச்சே வருஷக்கணக்கா ஃபிளேர்களைப் பதிவு பண்ணிட்டு வர்றாங்க. கட்டபொம்மன் பேர்ல நிக்கற டவர் சூரியனைப் படிக்கவும் உதவுதுங்கறது எனக்கு எப்பவுமே சந்தோஷம்.

காந்த ஊசி ஃபிளேர் வந்தா ஆடும்ங்கறாங்களே, சி.எம்.இ. வராமலே எப்படி?

பகல்ல இ லேயர்ல மின்னோட்டம் ஓடிட்டே இருக்கும். காந்த நிலநடுக்கோட்டு மேல, சுமார் 105 கி.மீ. உயரத்துல, அது ஒல்லியான ஆறு மாதிரி கிழக்குப் பக்கமா பாயும். ஃபிளேர் எலக்ட்ரானைக் கூட்டினா மின்கடத்தும் தன்மை கூடும், மின்னோட்டம் கூடும், கீழ இருக்கற காந்தமானியில சின்னக் கொக்கி மாதிரி ஒரு மேடு விழும். கொடைக்கானல், திருநெல்வேலி மாதிரி அந்த ஆத்துக்கு அடியில இருக்கற இடங்கள்ல இது நல்லாத் தெரியும்.

1859 செப்டம்பர் 1ல இங்கிலாந்து வானியலாளர் காரிங்டன் கண்ணால ஃபிளேரைப் பார்த்த அதே நேரம் லண்டன் பக்கத்துல கியூ காந்தமானியில இப்படி ஒரு சின்னக் கொக்கி பதிவாச்சு, பெரிய புயல் வந்தது 17, 18 மணி நேரம் கழிச்சு. முதல் ஆளும் மூணாவது ஆளும் தனித்தனியா வந்து ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காங்க. அயனோஸ்பியர்னு ஒண்ணு இருக்குன்னே அப்போ யாருக்கும் தெரியாது.

2003 நவம்பர் 4 ஃபிளேர்தான் பெருசு, ஆனா டி.இ.சி. அக்டோபர் 28லதான் ஜாஸ்தின்னு படிச்சேன். தப்பா போட்டிருக்காங்களா?

சரியாத்தான் போட்டிருக்காங்க. அக்டோபர் 28 ஃபிளேர் சூரியனோட நடுப்பக்கம், நவம்பர் 4 ஓரத்துல. எக்ஸ்-ரே ஓரத்துலேர்ந்து வந்தாலும் பெருசாக் குறையாது, ஆனா தீவிர புற ஊதாக் கதிர் ஓரத்துல இருந்தா சூரியனோட வளிமண்டலத்தையே குறுக்கா ரொம்ப தூரம் தாண்டி வரணும், வழியில உறிஞ்சப்பட்டுடும். டி லேயரைத் தொடறது எக்ஸ்-ரே, டி.இ.சி.ல பெரும்பங்கு இருக்கற எஃப் லேயரைத் தொடறது புற ஊதா. அதனால நவம்பர் 4ல டி.இ.சி. ஏத்தம் முந்தினதுல நாலுல ஒரு பங்கு அளவுக்குத்தான்.

இன்னொரு அழகான விஷயம். அன்னிக்கு கோஸ் சாட்டிலைட்டோட கருவி அதோட எல்லையைத் தொட்டு நின்னுபோச்சு, அப்போ போட்ட மதிப்பு எக்ஸ்28. நியூசிலாந்து ஒடாகோ பல்கலைக்கழகத்துல வி.எல்.எஃப் சிக்னல் எவ்ளோ மாறிச்சுன்னு வச்சுக் கணக்குப் போட்டு எக்ஸ்45 வாக்குல இருக்கும்னு சொன்னாங்க. வானத்துல இருந்த கருவி நின்னப்போ டி லேயரே கருவியா வேலை செஞ்சது.

எக்ஸ்-ரே உச்சம் முடிஞ்சு ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சுதான் என் வி.எல்.எஃப் சிக்னல் உச்சத்துக்குப் போச்சு. என் கடிகாரம் தப்பா?

கடிகாரத்தைச் சரி பார்த்துக்கோங்க, ஆனா தாமதம் உண்மையாவே இருக்கும். எலக்ட்ரான் உண்டாகற வேகமும் திரும்ப அயனியோட சேர்ற வேகமும் சமமாகற வரைக்கும் எண்ணிக்கை ஏறிட்டே இருக்கும், அது எக்ஸ்-ரே உச்சத்துக்கு அப்புறம்தான் சமமாகும். அந்தத் தாமதத்தை வச்சே டி லேயர்ல எலக்ட்ரான் எவ்ளோ சீக்கிரம் மறையுதுன்னு கண்டுபிடிக்கலாம்.

வீட்டுல உக்காந்து நானே ஃபிளேரைப் பிடிக்க முடியுமா? செலவு எவ்ளோ ஆகும்?

முடியும், செலவு ரொம்பக் கம்மி. மரச் சட்டத்துல, ஒரு மீட்டர் அகலம் வச்சுக்கோங்க, செம்புக் கம்பியை ஐம்பது நூறு சுத்து சுத்தி, ரெண்டு முனையையும் கம்ப்யூட்டர் மைக் சாக்கெட்டுக்குக் கொண்டு போங்க, நடுவுல சின்ன ஆம்பிளிஃபயர் இருந்தா நல்லது. 48 கிலோஹெர்ட்ஸ் வேகத்துல பதிவு பண்ற சாதாரண சவுண்ட் கார்டு 24 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பார்க்கும், 18.2 அதுக்குள்ளயே வந்துடுது, ஆஸ்திரேலியா எக்ஸ்மவுத்ல இருக்கற 19.8ம் வந்துடும். அந்த ஃப்ரீக்வென்சியோட பலத்தை மட்டும் சில செகண்டுக்கு ஒரு தடவை எழுதி வைங்க. டியூப்லைட், மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் இரைச்சல் கிளப்பும், சட்டத்தை மாடியில வச்சா பாதி பிரச்சனை போயிடும்.

திருநெல்வேலி பக்கத்துல இருக்கறவங்க விஜயநாராயணத்தை நம்பாதீங்க, அங்க தரை வழியா வர்ற சிக்னலே பெருசா இருக்கும், வானத்துலேர்ந்து வர்ற மாற்றம் அதுல அமுங்கிடும், நீங்க 19.8ஐப் பிடிங்க. முதல் வாரம் ஃபிளேரைத் தேடாதீங்க, விடியறப்பவும் சூரியன் மறையறப்பவும் கோடு எப்படி வளையுதுன்னு மட்டும் பழகுங்க. ஸ்டேஷனை நிறுத்தினா கோடு செங்குத்தா விழுந்து செங்குத்தா ஏறும், ஃபிளேர்னா சில நிமிஷத்துல சடார்னு ஏறி, அப்புறம் அரை மணி ஒரு மணி நேரம் சுறா முதுகு மாதிரி சரிஞ்சு இறங்கும். நேரத்தைக் குறிச்சு வச்சு கோஸ் எக்ஸ்-ரே கோட்டோட ஒத்துப் பாருங்க, அவங்க நேரத்தோட அஞ்சரை மணி கூட்டினா நம்ம நேரம்.